நிழற்குடை இருக்கிறது, சாயங்கால பஸ் எங்கே? (நம் ஓட்டும் மூன்று அரசாங்கமும்)

 

இந்த மாதச் சுவர் இதழுக்கு மக்களாட்சி பற்றி ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னார்கள். உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை இரண்டையும் போன இதழிலேயே பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் படம் போட்டு எழுதிவிட்டார். அதனால் நான் இந்தக் காலத்து ஓட்டைப் பற்றி எழுதுகிறேன். கட்சிப் பெயர் எதுவும் வரக்கூடாது என்று தமிழ் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இதில் கட்சி கிடையாது. எழுதி முடித்தபோது நான்கு தாள் ஆகிவிட்டது. இன்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு பெல்லுக்குப் பிறகு பாதி என்று படியுங்கள்.

நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு நிழற்குடை இருக்கிறது அல்லவா? அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் "நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி" என்று எழுதியிருக்கும். உட்கார சிமெண்ட் திண்ணை, மேலே கூரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டவுனிலிருந்து நம் ஊருக்கு மூன்றரை மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஏழரை மணிக்குத்தான் அடுத்த பஸ். டவுன் மேல்நிலைப் பள்ளி விடுவது நாலரை மணிக்கு. நம் பள்ளியில் பத்து வரைதான். பதினொன்று படிக்க வேண்டும் என்றால் 9 கிலோமீட்டர் போக வேண்டும். போன வருஷம் பத்து முடித்த அக்காக்களில் மூன்று பேர் பதினொன்றில் சேரவில்லை. ஃபெயில் ஆனதால் இல்லை. ஒரு அக்கா 400க்கு மேல் மார்க். "ஏழரை பஸ்ஸைப் புடிச்சு பொட்டப்புள்ள எட்டு மணிக்கு வந்து எறங்குனா யார் போய் கூட்டியாறது?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் நாங்கள் பத்து. அதனால்தான் இந்தப் பாடத்தை நான் பரீட்சைக்கு மட்டும் படிக்கவில்லை.

பஸ்ஸை யாரிடம் கேட்பது? ஓட்டு கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் நம் ஊரில் கேட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவரிடம் பஸ் கேட்டார்கள். எம்.பி. தேர்தலில் நின்றவரிடம் தெருவிளக்கு கேட்டார்கள். எம்.எல்.ஏ. தேர்தலில் நின்றவரிடம் ரயில்வே கேட்டில் பாலம் கேட்டார்கள். மூன்று பேருமே "பண்ணிடலாம்மா" என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூட "இது என் வேலை இல்லை, இன்னாரிடம் கேளுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை, நமக்கும் தெரியவில்லை.

ஒரு ஊருக்கு மூன்று அரசாங்கம்

நம் நாடு ஒரு கூட்டாட்சி. அதாவது டெல்லியில் ஒரு அரசாங்கம், சென்னையில் ஒரு அரசாங்கம். இரண்டுக்கும் அதிகாரம் அரசியலமைப்புச் சட்டத்திலிருந்தே வருகிறது. சென்னை அரசாங்கம் டெல்லிக்கு ஏஜெண்ட் இல்லை. எது யாருடைய வேலை என்று அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். 1950இல் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 விஷயங்கள் இருந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ராணுவம், ரயில், தபால், ரூபாய் நோட்டு எல்லாம் மத்தியப் பட்டியல். போலீஸ், ஆஸ்பத்திரி, விவசாயம், உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியல். இருவரும் சட்டம் போடலாம் என்பது பொதுப் பட்டியல். அதில் இரண்டு சட்டமும் மோதிக்கொண்டால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டம் என்றால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கலாம்.

மூன்றாவது அரசாங்கம் நம் பஞ்சாயத்து. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகுதான் அதற்கு அரசியலமைப்பிலேயே உறுதியான இடம் கிடைத்தது. தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, குப்பை, சாக்கடை, ஊருக்குள் இருக்கும் ரோடு ஆகியவை அதன் வேலை.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள்.  டீச்சர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், பாடப்புத்தகம் அச்சடிப்பதும், சத்துணவு போடுவதும் மாநில அரசு. ஆனால் கல்வி என்ற விஷயம் முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. அதனால்தான் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை 2009இல் நாடாளுமன்றம் போட முடிந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அந்த உரிமை. எட்டாம் வகுப்போடு சரி. எனக்குப் பதினாலு முடியப் போகிறது. பதினொன்றில் சேராத அந்த அக்காக்களைத் தேடி அந்தச் சட்டம் வராது. இந்த வயதை 18 ஆக்க வேண்டும் என்றால் அது நாடாளுமன்றத்தில் நடக்க வேண்டிய வேலை. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது தெருவிளக்கு இல்லை, இதுதான் என்பது என் கருத்து. ஆனால் இதை யாரும் அவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் லைசென்ஸ், வண்டி பதிவு இதற்கெல்லாம் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் நாடாளுமன்றம் போட்டது. ஆனால் நம் ஊருக்கு வரும் பஸ்ஸை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம். அது மாநில அரசுடையது. எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு உண்டு. அதை வைத்து அவர் நிழற்குடை கட்டப் பரிந்துரைக்கலாம். பஸ்ஸை அனுப்ப உத்தரவு போட முடியாது. கூரை டெல்லிக் கணக்கு, பஸ் சென்னைக் கணக்கு. நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் கூட்டாட்சியைக் கண்ணால் பார்க்கலாம்.

(அடுத்த தாள் வலது பக்கம் ஒட்டியிருக்கிறது.)

முதல்வரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை

"நாங்க சி.எம்.முக்கு ஓட்டுப் போட்டோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவர் நிற்கும் தொகுதிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அவருக்கு ஓட்டுப் போடுவதில்லை. மெஷினில் அவர் பெயரே இருக்காது. நாம் ஒரு எம்.எல்.ஏ.வைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்நாட்டில் 234 தொகுதி. அதில் 118 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். டெல்லியிலும் அப்படியே. மக்களவையில் 543 இடம், 272 வேண்டும். நம் மாநிலத்துக்கு அதில் 39. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. 39ஐ 6ஆல் பெருக்கிப் பாருங்கள், 234 சரியாக வரும். (எனக்குக் கணக்கில் பிடித்தது இது ஒன்றுதான்.)

காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனபோது அவர் எம்.எல்.ஏ.வே இல்லை. ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினர் ஆக வேண்டும் என்பது விதி. அதனால் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். மன்மோகன் சிங் 2004 முதல் 2014 வரை பத்து வருஷம் பிரதமர். அவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினர். மாநிலங்களவைக்கு நாம் ஓட்டுப் போடுவதே இல்லை, நம் எம்.எல்.ஏ.க்கள்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு அதில் 18 இடம்.

"அப்படின்னா நம்ம ஓட்டுக்கு என்ன மரியாதை?" என்று என் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இந்த முறையில் முதலமைச்சரும் மந்திரிகளும் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு. அதைச் சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை, அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். சபையில் பாதிக்கு மேல் உள்ளவர்கள் "உங்கள் மீது நம்பிக்கை இல்லை" என்று கை தூக்கிவிட்டால் அன்றைக்கே ஆட்சி போய்விடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஜனாதிபதிக்குத் தனித் தேர்தல். சபைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக இப்படி ஓட்டெடுத்து இறக்க முடியாது.

இது வெறும் புத்தகத்தில் இருக்கிற விஷயம் இல்லை. 1999 ஏப்ரல் 17ஆம் தேதி மக்களவையில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை ஓட்டு கேட்டது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்து, அந்த வருஷமே நாடு முழுக்க மறுபடி தேர்தல் நடந்தது. அந்த 539 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு தொகுதியில் நம்மைப் போன்றவர்கள் அனுப்பியவர்கள்தான். தோழியிடம் இதைச் சொன்னதும், "அப்ப நம்ம எம்.எல்.ஏ. நெனச்சா மந்திரியவே கேள்வி கேக்கலாமா?" என்றாள். கேட்கலாம். சட்டமன்றத்தில் கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கிறது. "இந்த ஊருக்கு மாலை நேரத்தில் பஸ் விட அரசு முன்வருமா?" என்று எம்.எல்.ஏ. எழுதிக் கொடுத்த கேள்வி அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டால், போக்குவரத்து அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். "முன்வரும்" அல்லது "உத்தேசம் இல்லை" என்று ஏதோ ஒன்று சொல்லியாக வேண்டும். அது அச்சாகி நிற்கும்.

"நம்ம ஆளு எதிர்க்கட்சி, அவர் கேட்டா எவன் செய்வான்?" என்று டீக்கடையில் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆளும் கட்சி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு விதமான கூச்சம் இருக்கும், தன் மந்திரியையே எப்படிக் கேட்பது என்று. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அவர் கேட்டாலும் மந்திரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிர்க்கட்சியாக இருந்தும் கேட்கவில்லை என்றால்தான் அவர்மீது நாம் கோபப்பட வேண்டும்.

பஸ் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

டீச்சரிடமும், டவுனில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவிடமும் கேட்டு எழுதுகிறேன். முதலில் நம் ரூட் பஸ் எந்த டெப்போவைச் சேர்ந்தது என்று பார்த்து அந்தக் கிளை மேலாளருக்கு மனு. அதே மனுவின் நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். கலெக்டர் ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை, அரசு அதிகாரி. ஆனால் அங்கே கொடுக்கும் மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது தருவார்கள். ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சித்தப்பா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது நகல் எம்.எல்.ஏ.வுக்கு, கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லி. எம்.பி.க்கு இதில் வேலை இல்லை. பஞ்சாயத்தால் பஸ் விட முடியாது, ஆனால் அதால் செய்ய முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. கிராம சபைத் தீர்மானம்.

கிராம சபை என்றால் பஞ்சாயத்துத் தலைவரும் மெம்பர்களும் நடத்தும் மீட்டிங் என்று நான் நினைத்திருந்தேன். நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். எம்.எல்.ஏ. தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இங்கே யாரையும் அனுப்ப வேண்டியதில்லை, நாமே போகிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் வழக்கமாக இருந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். குறைந்தபட்ச ஆள் இருந்தால்தான் கூட்டம் செல்லும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். போன தடவை வந்தவர்களைவிட நோட்டில் இருந்த கையெழுத்து அதிகம் என்று எங்கள் அப்பாயி சொல்கிறார்கள். நோட்டை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்களாம். அப்பாயி கைநாட்டு வைத்தார்கள், எதற்கு என்று கேட்கவில்லை.

நமக்கு 18 ஆகாததால் நாம் உறுப்பினர் இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பேச வேண்டியது நம் வீட்டு ஆட்கள். அதிலும் அம்மாக்கள் வர வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. சில ஊர்களில் போர்டில் தலைவி பெயர் இருக்கும், நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் இருப்பார். வேறு பல ஊர்களில் தலைவியே முன்னால் நின்று வேலை வாங்குகிறார்கள். பஸ் இல்லாமல் படிப்பு நின்றால் என்ன ஆகும் என்று பஞ்சாயத்தில் ஒரு ஆண் எடுத்துச் சொல்வதைவிட, அந்த அக்காவின் அம்மா எழுந்து சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் இருக்க முடியாது.

நான்கு கலர் சீட்டு

நம் மாவட்டத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக நடந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. மெஷின் கிடையாது, சீட்டுதான். ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் பூட்டு சாவி, ஆட்டோ, கத்தரிக்காய் என்று சின்னங்கள். அப்பாயி நான்கையும் வரிசையாகச் சொல்லுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னம் வைத்தார்கள். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. எந்தச் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு.

2019இல் ஜெயித்தவர்களின் ஐந்து வருஷம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இதற்கு முன்னாலும் இப்படி ஆகியிருக்கிறது. 2016 அக்டோபரில் காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை. காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வழக்கு, வார்டு பிரிப்பது, இட ஒதுக்கீடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எம்.எல்.ஏ. இல்லாமல் மூன்று வருஷம் ஒரு மாநிலம் இருந்தால் எவ்வளவு சத்தம் வரும்! பஞ்சாயத்து என்றால் மட்டும் சத்தம் வருவதில்லை. குழாயில் தண்ணீர் வராத அன்றைக்கு யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாத மூன்று வருஷம் அது.

டெல்லி அரசாங்கம் மாநில அரசாங்கத்தைக் கலைக்க முடியுமா என்று எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். 356ஆவது பிரிவில் முடியும். தமிழ்நாட்டிலேயே 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருக்கிறது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதைச் சட்டமன்றத்துக்குள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. பொம்மை கர்நாடக முதல்வராக இருந்தவர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நினைத்தபடி கலைப்பது கஷ்டமாகிவிட்டது.

யார் ஜெயித்தார்?

நம் வகுப்பில் லீடர் தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர். ஒருவருக்கு 16, இன்னொருவருக்கு 14, மூன்றாமவருக்கு 10. பதினாறு வாங்கியவர்தான் லீடர். ஆனால் 24 பேர் அவருக்குப் போடவில்லை! நம் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலும் இதே முறைதான். பாதி ஓட்டு வாங்க வேண்டும் என்று இல்லை, மற்ற ஒவ்வொருவரையும்விட ஒன்று கூட வாங்கினால் போதும். இது நியாயமா என்று வகுப்பில் சண்டையே வந்தது. எனக்கும் முழுக்கத் திருப்தி இல்லை. ஆனால் எண்ணுவது சுலபம், நம் தொகுதிக்கு இவர்தான் என்று ஒரு ஆளைக் காட்டிக் கேள்வி கேட்க முடியும்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 2008இல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி வாங்கியது 62,215. அவரை எதிர்த்தவர் வாங்கியது 62,216. நம் ராதாபுரம் தொகுதியில் 2016இல் வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு பஸ்ஸில் உட்காரும் ஆட்கள்கூட இல்லை.

பெயர் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை

இதுதான் நான் படித்ததில் மறக்க முடியாதது. முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்று மட்டும் சொன்னார்கள். வெளி ஆளிடம் பெண் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று முடிவு செய்தார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. ஓட்டுரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாளில் வந்தது, ஆனால் பெயர் சொல்லாததால் 28 லட்சம் பேருக்கு அந்தத் தடவை ஓட்டு இல்லாமல் போனது. அவர் செய்தது கொடுமை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. டீச்சருக்கும் எனக்கும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இதை அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். "எம்பேரு லிஸ்ட்ல இருக்கா பாரு" என்றார்கள். இருந்தது, ஆனால் தாத்தா பெயரின் இடத்தில் வேறு யாரோ பெயர். அதைத் திருத்தப் படிவம் 8 இருக்கிறது. 2025 நவம்பரில் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். அப்போது வெளியூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர்கள் வீட்டில் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டுப் போடும் வயது முன்னால் 21. 61ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முன்பெல்லாம் ஜனவரி 1ஆம் தேதி 18 ஆகியிருந்தால்தான் சேர்க்க முடியும், ஜனவரி 2 பிறந்தவர்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதி. 17 முடிந்ததுமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் 17 முடிந்த அண்ணன், அக்கா இருந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் பெயரை அந்த ஊருக்கு மாற்ற வேண்டும், அதற்கும் படிவம் 8தான். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வீட்டு முகவரிக்கு ஒரு சான்று, ஒரு போட்டோ போதும். நம் ஊருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேறு யாரும் இல்லை, அங்கன்வாடி டீச்சர்தான். காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம், மூன்று மணிக்கு மேல் போனால் படிவம் தருவார்கள்.